பாதியில் நின்ற கழுத்து

ஒரு காட்டில் கோடை வந்து புல்லெல்லாம் காய்ந்து மண் நிறமாகிவிட்டது. குழந்தைகளே, கௌதாரிக் குஞ்சுகளும் அதே நிறம்தான். அசையாமல் படுத்துவிட்டால் பருந்தின் கண்ணுக்கும் தெரியாது. தாய் வீறிட்டால் அப்படியே படுத்துவிடும். அதன் மெல்லிய குரல் கேட்டால்தான் எழுந்து ஓடும்.

அன்று நரியைக் கண்டு தாய்க் கௌதாரி வீறிட்டது. குஞ்சுகள் புல்லுக்குள் படுத்துவிட்டன. நரி தேடித் தேடி அலுத்துப்போனது.

"எனக்கு என்ன அவசரம்? அசையாமல் எத்தனை நேரம்தான் கிடக்கும்? அசையட்டும், பிடித்துக்கொள்கிறேன்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

புல்லைத் தாண்டினால் இலந்தைப் புதர். முள்ளுக்குப் பயந்து நரி அதற்குள் வராது. ஆனால் குஞ்சுகள் ஓடினால் புல் சலசலக்குமே!

கௌதாரி எதிர்ப்பக்கம் இருந்த கறையான் புற்றின் மேல் போய் உட்கார்ந்தது.

"நரியாரே, சும்மா இருந்தால் பொழுது போகுமா? ஒரு கதை சொல்லட்டுமா?"

"அழுகிற தாய்களைத்தான் பார்த்திருக்கிறேன். கதை சொல்கிற தாயை இன்றுதான் பார்க்கிறேன். சொல்லு, சொல்லு!" நரி இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. காது மட்டும் புல்லின் பக்கமே இருந்தது.

கௌதாரியின் குரல் நடுங்கக் கூடாது. நடுங்கினால் குஞ்சுகள் எழாது. மெல்லத் தொடங்கியது.

"எலியைப் பிடிக்க ஓர் உடும்பு வளையின் வாசலிலேயே காத்துக் கிடந்தது. எலியோ உள்ளே பின்பக்கமாகத் தோண்டிக்கொண்டிருந்தது. மண் சரிகிற சத்தம் கேட்டது. 'பாவம், எலிக்குப் பசியில் வயிறு இரைகிறது' என்றது உடும்பு."

"மடப்பயல்! சரியான மடப்பயல்!" நரி விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பில் புல் சலசலத்தது கேட்கவில்லை. குஞ்சுகள் புதருக்குள் ஓடின.

ஒரு குஞ்சு மட்டும் புல்லில் கால் சிக்கித் தவித்தது.

நரி சிரிப்பை நிறுத்தியது. "பின்னால் என்ன சத்தம்?" கழுத்து திரும்பியது.

"உடும்பும் அப்படித்தான், 'பின்னால் என்ன சத்தம்?' என்று கழுத்தைத் திருப்பியது" என்றது கௌதாரி, குரலை உயர்த்தாமல்.

நரியின் கழுத்து பாதியில் நின்றது. "ஐயையோ! எலி?"

"தலை வெளியே வந்துவிட்டது. உடம்பு வரவில்லை."

"உடும்பு பார்த்துவிட்டதா?"

"இப்போதே சொல்லிவிடட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்! சொல்லிவிட்டால் ருசி போய்விடும். மெதுவாகவே சொல்லு!"

கௌதாரி மெதுவாகவே சொன்னது. எலியின் ஒரு கால் வந்தது. மண் சரிந்தது. எலி மூச்சைப் பிடித்துக்கொண்டது. மறு காலும் வந்தது. நரி வாயைப் பிளந்து கேட்டது. அதற்குள் குஞ்சு காலை உருவிக்கொண்டு புதருக்குள் நுழைந்தது.

கௌதாரி சிறகை விரித்து எழும்பியது.

"ஏய், எங்கே ஓடுகிறாய்? உடும்பு திரும்பி என்னதான் பார்த்தது?"

"நீங்களும் திரும்பிப் பாருங்கள், நரியாரே. அதைத்தான் பார்த்தது!"

நீதி: பிறர் ஏமாறுவதைப் பார்த்துச் சிரிப்பவனுக்குத் தான் ஏமாறுவது தெரிவதில்லை.