மகாராஜாவைப் பறித்த நேம்ஸ்பேஸ்

கொட்டாம்பூர் மகாராஜா அதிவீரகண்டருக்குப் புதுசு என்றால் பைத்தியம். பக்கத்து நாட்டு ராஜா கம்ப்யூட்டர் வாங்கினார் என்று காதில் விழுந்ததும் இவரும் ஒன்று வாங்கிவிட்டார். அதோடு விட்டாரா? "அரண்மனையில் இருக்கிற அத்தனையையும் ஒரே எக்ஸ்.எம்.எல் ஃபைலில் எழுது" என்று ஆஸ்தானப் பதிவாளர் அஞ்சுகத்துக்கு உத்தரவு போட்டார்.

எக்ஸ்.எம்.எல் ஒன்றும் பூதமில்லை. பெட்டிக்குள் பெட்டி, அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் வெளியே 'கோட்டைவாசல்' என்று ஒரு பெட்டி போட்டாள் அஞ்சுகம். அதற்குள் 'அரண்மனை'. அதற்குள் யானை, குதிரை, படைவீரர், அண்டா, குண்டான் என்று பன்னிரண்டாயிரம் உருப்படி. கட்டிலுக்கும் அரிசிப்பானைக்கும் நடுவில் 'மகாராஜா'வும் ஓர் உருப்படி!

சரிபார்க்கிறேன் பேர்வழி என்று மந்திரி நாகலிங்கம் அந்த ஃபைலை வாங்கிப் போனார். திருப்பிக் கொடுத்ததும் மகாராஜா சபையில் எழுந்து முழங்கினார். "இந்த ஃபைலில் உள்ளபடிதான் இனி சொந்தம்! எழுதியதில் ஓர் எழுத்தையும் எவரும் அழிக்கக் கூடாது. சேர்க்க வேண்டியதை அஞ்சுகம் சேர்க்கட்டும். இது என் வாக்கு!"

டமாரென்று முத்திரை குத்தினார். படித்துப் பார்த்தாரா? நல்லாக் கேட்டீர்கள் போங்கள்.

மந்திரி எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"மகாராஜா, முதல் வரியைப் பார்க்க வேண்டும். கோட்டைவாசல் பெட்டியில் அடியேன் ஒரு நேம்ஸ்பேஸ், அதாவது இது இன்னாரைச் சேர்ந்தது என்கிற பெயர்க்குறி, எழுதியிருக்கிறேன். 'நாகலிங்கம் குடும்பம்'."

"அதனால் என்னய்யா?"

"வெளிப்பெட்டியில் எழுதிய நேம்ஸ்பேஸ் உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் செல்லும். யானை என்னுடையது. சிம்மாசனம் என்னுடையது. தாங்களும்..."

"அடப்பாவி! வீரர்களே, இவனைப் பிடியுங்கள்!"

வீரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களும் ஃபைலில்தானே இருக்கிறார்கள்!

மகாராஜாவுக்கு வேர்த்துக் கொட்டியது. கோபம் முழுக்க அஞ்சுகத்தின் மேல் திரும்பியது. "எழுதினவள் நீ! பொழுது சாய்வதற்குள் என் ராஜ்ஜியம் என் கைக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் உன் தலை உருளும். ஆனால் நான் கொடுத்த வாக்கும் தவறக் கூடாது!"

மந்திரிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அம்மணி, வழி இருக்கிறது. ஒவ்வோர் உருப்படிக்கு முன்னாலும் மகாராஜா பெயரை முன்னொட்டாகப் போட்டால் அது அவருக்குச் சொந்தம். பன்னிரண்டாயிரம்தான். இப்போதே ஆரம்பித்தால் அடுத்த ஆடி மாசம் முடியும்."

அஞ்சுகத்துக்கோ தலை போகிற விஷயமாயிற்றே! ஆனாலும் அவள் ஃபைலை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டினாள்.

"முடிந்தது, மகாராஜா."

"என்ன முடிந்தது? என் உயிரா?"

"இரண்டாவது பெட்டியான 'அரண்மனை'யில் ஒரே ஒரு நேம்ஸ்பேஸ் சேர்த்தேன். 'அதிவீரகண்டர் குடும்பம்'. உள்பெட்டியில் வேறு நேம்ஸ்பேஸ் எழுதினால், அந்தப் பெட்டியிலிருந்து உள்ளே எல்லாவற்றுக்கும் அதுதான் செல்லும். வெளியே எழுதியது அங்கே எட்டாது. யானை, சிம்மாசனம், தாங்கள், எல்லாம் பழையபடி தங்களுக்கே!"

மந்திரி துள்ளிக் குதித்தார். "மோசடி! என் வரியை அழித்துவிட்டாள்!"

"ஐயையோ, ஓர் எழுத்தைத் தொடவில்லை, மந்திரியாரே. நீங்கள் எழுதியது எழுதிய இடத்திலேயே இருக்கிறது. எந்தப் பெட்டியில் எழுதினீர்களோ அந்தப் பெட்டி உங்களுக்கேதான்."

"எந்தப் பெட்டி?"

"கோட்டைவாசல்!"

சபை கொல்லென்று சிரித்தது. மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வாசல்கார ஐயா, நாளைக் காலை முதல் திறப்பதும் மூடுவதும் உம்ம பொறுப்பு. கீல் வேறு கிறீச்சென்கிறது, எண்ணெய் விடும்!" இந்த முறை வீரர்கள் கூப்பிடாமலே வந்து மந்திரியை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள்.

"அஞ்சுகம், என்ன வேண்டுமோ கேள்!"

"வேறொன்றும் வேண்டாம், மகாராஜா. இனிமேல் முத்திரை குத்துவதற்கு முன்னால் ஒருமுறை படித்துப் பார்ப்பதாக வாக்குக் கொடுங்கள், போதும்."

மகாராஜாவின் சிரிப்பு பட்டென்று நின்றது.

"படிக்கிறதா? ஆயிரம் பொன் தருகிறேன், பேசாமல் வாங்கிக்கொண்டு போம்மா!"