சடைச்சி மேட்டைத் தாண்டி அனுப்பிய மணம்

அந்தக் காலத்தில் மரம் செடி கொடிகளுக்குக் கால் இருந்தது. வாயும் இருந்தது. கால் இருந்ததால் வந்த தொல்லை கொஞ்சம்தான். வாய் இருந்ததால் வந்த தொல்லை அதிகம். இந்தக் கதையில் இரண்டும் உண்டு.

கூகைமலையின் கிழக்குச் சரிவில் சடைச்சி என்று ஒரு கஞ்சாச் செடி இருந்தாள். அப்போது அவள் இடுப்பளவு உயரம்தான். இலையெல்லாம் வட்டமாக உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். வாசனை என்று ஒன்றும் கிடையாது, முகர்ந்து பார்த்தால் வெறும் தண்ணீரை முகர்ந்தது போலத்தான். ஆனால் பேச்சு இருந்ததே, அதற்குக் குறைவில்லை. காலைப் பனி உலர்வதற்குள் பத்து மரத்துச் சங்கதியைப் பேசி முடித்துவிடுவாள். முடித்துவிடுவாள் என்று சொன்னது தப்பு. ஒரு கதையைத் தொடங்குவாள், அதற்குள் இன்னொரு கதை நுழையும், அதன் இடுக்கில் மூன்றாவது ஒன்று தலையை நீட்டும். அவள் வருவது தெரிந்தாலே நாரத்தை மரம், "வெயில் காயப் போகணும்" என்று கிளம்பிவிடும். மிளகுக்கொடி தூங்குவது போலக் கிடக்கும்.

அவள் பேச்சைக் கடைசிவரை கேட்டது உலகத்திலேயே ஒரே ஒருவன்தான், அவள் கணவன் மொக்கையன். பேர் சொல்லக் கேட்டதும் சிரிக்க வேண்டாம், ஆள் கெட்டிக்காரன். அதிகம் பேச மாட்டான், நன்றாகக் கேட்பான். முந்தாநாள் அவள் பாதியில் விட்ட கதையை அவளே மறந்திருப்பாள், அவன் மறந்திருக்க மாட்டான். ஊரே எழுந்து போனாலும் இந்த ஒரு ஆள் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் சடைச்சி வாயைத் திறப்பாள்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் ஆண் இருவாட்சிப் பறவை ஒன்று, வாயில் கவ்விய அத்திப்பழத்தோடு மலையம்மாவிடம் அழுதுகொண்டு போய் நின்றது. மலையம்மா என்றால் வேறு யாருமில்லை, அந்த மலையேதான். இருவாட்சி முட்டையிடும் முறை கொஞ்சம் விசேஷமானது. பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொள்ளும். சின்ன ஓட்டை வழியாக ஆண் பறவைதான் பழம் ஊட்ட வேண்டும்.

"நான் பழம் எடுத்துட்டு வந்து பாக்குறேன், மரத்தையே காணோம் தாயீ! மூணு மலை தள்ளி சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போயிருக்காம். அவ உள்ள இருக்கா. கதவு வேற பூசியிருக்கு!"

மலையம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எல்லாச் செடிகொடிகளையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாள்.

"நீங்க நடந்து திரிஞ்சது போதும். வர்ற அமாவாசைக்கு மறுநாள் ஒரு இடி இடிக்கும். அப்ப யாரு எங்க நிக்கிறீங்களோ, இனிமே அதுதான் ஒங்க எடம். அதுக்குள்ள அவங்கவங்களுக்குப் பிடிச்ச எடமாப் பாத்து நின்னுக்கங்க."

பிறகென்ன, பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். தாமரை முதல் ஆளாகக் குளத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஆலமரம் ஒரு மைதானத்தையே வளைத்துப் போட்டது. கள்ளி தூங்கிவிட்டுத் தாமதமாக வந்ததில் பாறைதான் மிஞ்சியது, இன்றைக்கும் அதற்கு முகம் சிடுசிடுவென்றுதான் இருக்கிறது.

மொக்கையன் மலை நடுவே இருந்த மேட்டைத் தாண்டி மேற்குச் சரிவில் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தான். கறுத்த மண், காலையில் மூடுபனி, இரண்டு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கலாம். அமாவாசைக்கு மறுநாள் விடிந்ததும் மனைவியிடம் வந்தான்.

"ஏ புள்ள, நான் முன்னால போயி நிக்கிறேன். இல்லேன்னா எவனாச்சும் வந்து நின்னுருவான். வெயில் ஏறுறதுக்குள்ள வந்துரு."

அவன் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது அன்றுதான்.

"நீங்க போங்க மாமா. நான் நாரத்தக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடியாந்துர்றேன்" என்றாள் சடைச்சி.

ஒரு வார்த்தை சொல்லத்தான் போனாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனாள். ஆனால் அங்கே நாரத்தை மரம் தன் இடத்தில் நிலையாக நின்றுவிட்டது. மிளகுக்கொடி பலா மரத்தை இறுக்கிச் சுற்றியாகிவிட்டது. மாங்காய் இஞ்சி மண்ணுக்குள் இறங்கிப் படுத்திருந்தது. இடம் போய்விடுமோ என்ற பயத்தில் யாரும் ஓரடிகூட நகர மாட்டார்கள். ஓட முடியாத ஆட்கள் சடைச்சிக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

"போய்ட்டு வர்றேன்க்கா" என்று தொடங்கினாள். போகிற பேச்சில் முள்ளம்பன்றி வந்தது. அது வள்ளிக்கிழங்கைத் தோண்டப் போய்த் தன் முள்ளிலேயே மாட்டிக்கொண்ட கதை வந்தது. அதைப் பார்த்துச் சிரித்த அணில் கிளையிலிருந்து விழுந்த கதையும், அந்த அணிலுடைய சித்தி கதையும் பின்னாலேயே வந்தன. நாரத்தை இரண்டு தடவை, "வெயில் ஏறுது சடைச்சி" என்றது. "இந்தா, முடிஞ்சிருச்சுக்கா" என்றாள்.

அப்போதுதான் இடி இடித்தது.

சடைச்சி காலைத் தூக்கினாள். வரவில்லை. இன்னொரு காலைத் தூக்கிப் பார்த்தாள். மண் குதிகாலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. மேட்டுக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவன். யாரையும் குறை சொல்ல வழியில்லை. தன் வாயால் தானே கெட்டாள், அது அவளுக்கே தெரிந்தது. அன்றைக்குப் பூராவும் அழுதாள்.

அழுது முடித்ததும் எட்டிப் பார்க்கத் தொடங்கினாள். குதிகாலை மண்ணில் வைத்துக்கொண்டே உடம்பை நீட்டி நீட்டி, மேட்டுக்கு மேலே தலை தெரிகிறதா என்று பார்த்தாள். இடுப்பளவு இருந்தவள் ஆள் உயரம் வளர்ந்தாள், பிறகு ஆளுக்கு மேல் ஆள் நின்ற உயரம் வளர்ந்தாள். மேடு அதற்கும் மேலே இருந்தது. இங்கே இருக்கிறேன் என்று கையை ஆட்டி ஆட்டி, வட்டமாக இருந்த இலையெல்லாம் கிழிந்து விரல் விரலாகத் தொங்கின. அவன் கண்ணில் ஒன்றும் படவில்லை.

அழுகையைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. அன்றன்றைக்கு நடந்ததெல்லாம் உள்ளே சேர்ந்துகொண்டே போயிற்று. சொல்ல ஆள் இல்லை. பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொன்னால், கேட்கத்தான் கேட்டார்கள், வேறு வழியில்லாமல் கேட்டார்கள். அவன் கேட்கிற மாதிரி அது இல்லை. இந்தப் பேச்சையெல்லாம் அவன் கேட்காமலே போய்விட்டால் பேசி என்ன பிரயோஜனம் என்று தோன்றியது அவளுக்கு.

ஒரு நாள் காற்றை மறித்துக் கேட்டாள்.

"காத்தண்ணே, தெனமும் அந்தப் பக்கம் போறியே. என் பேச்சைக் கொஞ்சம் எங்க வீட்டுக்காரர்கிட்ட சேத்துரு."

"தூக்கிப் பாத்தேன் தாயீ. நீ பேசுற பேச்சு என்ன லேசா? மேடு ஏறுறதுக்குள்ள ஒடைஞ்சு பாதி பாறையில கொட்டிப் போகுது. கொரலு கனம். மணம்னா மடியில கட்டி எடுத்துட்டுப் போயிருவேன்."

"என்கிட்ட மணம் எங்கண்ணே இருக்கு?"

நாரத்தை இதைக் கேட்டுக்கொண்டு நின்றது. "இந்தா, என் தோலுல கொஞ்சம் சீவிக்க" என்றது. மிளகுக்கொடி தன் நெடியில் ஒரு கைப்பிடி கொடுத்தது. மாங்காய் இஞ்சி மண்ணுக்குள்ளிருந்தே பச்சை மாங்காய் வாசனையை நீட்டியது. எல்லாம் ஒட்டி நிற்க வேண்டும் என்று பலா மரம் கொஞ்சம் பிசின் தந்தது. பிரியத்தில்தான் கொடுத்தார்கள். இவள் வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும் என்ற ஆசையும் அதில் இல்லாமல் இல்லை.

சடைச்சி அன்றிலிருந்து பேச்சை மணமாக்கினாள். உச்சியில் சடை சடையாகப் பூ விட்டு, ஒவ்வொரு சேதியையும் பிசினில் குழைத்து அதில் ஒட்டி வைத்தாள். சிரிக்கிற சேதி என்றால் நாரத்தைத் தோல் மணம். ஊர் வம்புக்கு மிளகு நெடி. "நீங்க இல்லாம நல்லாவே இல்ல மாமா" என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் மாங்காய் இஞ்சி. காற்று காலையில் வந்து அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் வெறும் மடியோடு திரும்பும்.

"ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல தாயீ."

இதற்கிடையில் ஒரு கேளையாடு வந்து வினை செய்தது. ஆடு என்று பேர், ஆனால் சின்ன மான்தான். அது சடைச்சியின் பூவில் ஒரு கொத்தைக் கடித்துத் தின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் கண்கள் சிவக்க, துள்ளிக்கொண்டு போய் ஓடையோரம் நின்ற ஒரு கிழட்டுக் கடமானிடம், "மாமா, அந்த முள்ளம்பன்றி இருக்கானே..." என்று தொடங்கியது.

"யாருடா ஒனக்கு மாமன்?" என்றது கடமான்.

கேளையாடு விழுந்து விழுந்து சிரித்தது. முள்ளம்பன்றியிலிருந்து அணிலுக்குப் போனது, அணிலிலிருந்து வானவில்லுக்குப் போனது, "எதுக்கு இதைச் சொல்ல வந்தேன்?" என்று நின்றது, மறுபடி சிரித்தது. பேசியே நாக்கு வறண்டு ஓடையில் பாதியைக் குடித்தது. பிறகு ஏழு நாள் பட்டினி கிடந்தது போலப் புல்லை மேய்ந்து தள்ளியது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆசையில் இன்னொரு கொத்தும் தின்றது. சடைச்சியின் பேச்சுக்குள் சந்தோஷம் மட்டுமா இருந்தது, பயமும் இருந்ததே! நெஞ்சு படபடவென்று அடிக்க, தன் நிழலைப் பார்த்தே மிரண்டு, "அவருக்குக் கேக்கலையோ, அவருக்குக் கேக்கலையோ" என்று யாருக்காக என்று தெரியாமலே புலம்பிக்கொண்டு புதருக்குள் ஒண்டியது.

இன்னொருத்தி தன் புருஷனுக்குச் சொல்லி அனுப்பிய சேதியை நடுவில் தின்றால் தலையும் புரியாது வாலும் புரியாது, வேறென்ன! வடக்கே பனிமலையில் சடைச்சிக்கு ஒரு தங்கை உண்டு. குட்டை, அகன்ற இலை. இடி இடித்தபோது புருஷன் பக்கத்திலேயே நின்றவள். அவளுக்குச் சொல்லி அனுப்ப என்ன இருக்கிறது? நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். அவளைத் தின்றவர்களும் தூங்கிப் போகிறார்கள். சடைச்சியைத் தொட்டவர்களுக்குத்தான் வாய் ஓயாது.

சடைச்சிக்கு வயிறு எரிந்தது. "அவருக்குச் சொன்னதைக் கண்டவனும் வாயில போட்டுட்டுத் திரியுறானே. அவரு காதுல எவ்வளவு விழுந்துச்சோ, எவ்வளவு வீணாப் போச்சோ!" நாற்பது நாள் ஆகிவிட்டது. இனி பதில் வராது, பேச்சை நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தாள். அவள் அப்படி நினைத்தாள் என்றால் மனசு எவ்வளவு நொந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தோராம் நாள் சாயங்காலம் காற்று தும்மிக்கொண்டே வந்தது. அதன் தோளெல்லாம் மஞ்சள் மகரந்தத் தூள்.

"சொல்லிட்டாரு தாயீ."

"என்ன சொன்னாரு? எத்தனை சொன்னாரு?"

"ஒரே ஒரு வார்த்தை."

"நாப்பது நாளு தொண்டை வறளப் பேசுனேன். ஒரே வார்த்தையா?" சடைச்சிக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"கோவிக்காத தாயீ. முதல் நாள்லேர்ந்து அசையாம நின்னு கேக்குறாரு. பக்கத்துல ஒரு ஆளு நிக்கிற எடம் இன்னும் சும்மாதான் கெடக்கு, புல்லுகூட அங்க மொளைக்க விடல. எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டுத்தான் வாயத் தொறந்தாரு."

"சொல்லித் தொலைண்ணே, என்ன வார்த்தை?"

காற்று மடியை அவிழ்த்து உதறியது. ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் அவள் சடைப் பூக்களின் மேல் மெல்ல இறங்கியது.

"'அப்புறம்?'னு கேட்டாரு."

சடைச்சி அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். ஒரு சொல்கூட வீணாகவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இன்னும் கேட்கிறான் மனுஷன்! அவனுக்குச் சொல்ல வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. பேச்சுக்குப் பதிலாக ஒவ்வொரு பூவின் அடியிலும் என்னவோ திரண்டது. பூவின் மணம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

இரண்டு நாள் சத்தமே இல்லாமல் இருக்கவும் நாரத்தைக்கு இருப்புக்கொள்ளவில்லை. தானாகவே கேட்டது.

"என்ன சடைச்சி, பேச்சையே காணோம்? ஒடம்புக்கு ஏதும் முடியலையா?"

"அவரு அப்புறம்னு கேட்டாருக்கா" என்றாள் சடைச்சி, விதை பிடித்துக் கனத்த சடையைக் குனிந்து பார்த்தபடி. "அதுக்குத்தான் பதிலு சொல்லிக்கிட்டிருக்கேன்."

அன்று முதல்தான் கஞ்சாவில் ஆண் தனியாகவும் பெண் தனியாகவும் முளைக்கிறார்கள். அவனுடைய ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் வந்து சேரும்வரை அவள் மலை முழுக்க மணந்து பேசிக்கொண்டே இருக்கிறாள், வந்து சேர்ந்ததும் வாயை மூடிக்கொண்டு காய்க்கத் தொடங்கிவிடுகிறாள்.