தளவாயும் சீமைக் குழாயும்

மயிலோடை நாட்டு மன்னர் சொக்கேந்திரருக்கு மூன்று ராணிகள். ஆனால் அவர் உயிரையே வைத்திருந்தது ஒரு குழாயின் மேல்.

சாதாரணக் குழாயா அது? கப்பலில் வந்த சீமைக் குழாய். பச்சை நிறம். ரப்பர் என்னும் ஏதோ ஒரு வஸ்துவால் செய்தது. வளைத்தால் வளையும், சுருட்டினால் சுருளும். ஒரு முனையைத் தண்ணீர்த் தொட்டியில் மாட்டினால் மறுமுனையில் தண்ணீர் பீறிடும். மன்னர் தினமும் தம் கையாலேயே நந்தவனத்துக்கு நீர் பாய்ச்சினார். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு பாய்ச்சினார். குழாய்க்கு 'கங்கா பிரவாக பூபதி' என்று பட்டம் வேறு கொடுத்திருந்தார். மதியம் பூபதி சுருண்டு படுத்திருக்கும்போது இரண்டு பேர் விசிறிவிட வேண்டும். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

ஒருநாள் காலை மன்னர் குழாயைக் கையில் எடுத்தார். ரோஜாவுக்குப் போக வேண்டிய தண்ணீர் நடுவழியிலேயே சீறிக் கிளம்பி அவர் முகத்தில் அடித்தது. முறுக்கிவிட்ட மீசை தொங்கிப்போயிற்று. பார்த்தால், குழாயின் வயிற்றில் ஒரு வெட்டு!

"ஐயோ, பூபதி!" என்று அலறினார் மன்னர்.

படைத்தலைவரான தளவாய் வேங்கடராயர்தான் முதலில் ஓடி வந்தார்.

"அரசே, இது தோட்டக்காரன் பச்சைமுத்துவின் வேலை. மண்வெட்டியைக் கண்ட இடத்தில் வீசுகிறவன் அவன். தலையை வாங்கிவிடலாம்."

"சத்தியமா நான் இல்லீங்க சாமி!" என்று காலில் விழுந்தான் பச்சைமுத்து.

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளை மாலைக்குள் பூபதி பழையபடி நீர் பாய்ச்ச வேண்டும். இல்லையென்றால் உன் தலை போகும். இன்னொன்று. வைத்தியம் பார்க்கிறேன் என்று யாராவது குழாயை வெட்டினால், அவன் தலையும் போகும். ஏற்கெனவே வெட்டுப்பட்ட உடம்பு!"

பச்சைமுத்து அரக்கு வைத்தான். மெழுகு பூசினான். துணி சுற்றினான். எல்லாவற்றையும் பிய்த்துக்கொண்டு தண்ணீர் அடித்தது. அரண்மனை வைத்தியர் வந்து குழாய்க்கு நாடி பார்த்தார். "வாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் பச்சைமுத்து காளத்தியிடம் ஓடினான்.

மன்னரைச் சிரிக்க வைப்பது காளத்திக்கு உத்தியோகம். தளவாய்க்கு அவரைக் கண்டாலே ஆகாது.

காளத்தி வெட்டை உற்றுப் பார்த்தார். "ஏன்யா, கிழிஞ்ச இடத்தை எடுத்துட்டு நடுவுல ஒரு பித்தளைத் துண்டைச் சொருகிட்டா தீர்ந்தது."

"வெட்டினா தலை போயிடுமே சாமி!"

"வெட்டாட்டியும்தான் போகப்போகுது. கொண்டா கத்தியை!"

கன்னான் பித்தளையில் ஒரு சின்னக் குழல் செய்து கொடுத்தான். குழாயின் இரண்டு முனைகளையும் அதன் மேல் இழுத்து மாட்டி, பட்டை போட்டு முடுக்கினார்கள்.

மறுநாள் மாலை நந்தவனத்தில் சபை கூடியது. பூபதி பிரமாதமாக நீர் பாய்ச்சியது. மன்னர் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அரசே, நடுவில் பாருங்கள், பித்தளை!" என்று கத்தினார் தளவாய். "இவனும் காளத்தியும் குழாயை வெட்டியிருக்கிறார்கள்!"

மன்னர் முகம் சிவந்தது. "காளத்தி! வெட்டினாயா?"

"வெட்டினேன் மகாராஜா. ஆனால் குழாயை அல்ல."

"பிறகு எதை?"

"ஓட்டையை!" காளத்தி ஒரு வெள்ளித் தட்டை நீட்டினார். அதில் கிழிந்த துண்டு கிடந்தது. "குழாயை வெட்டக் கூடாது என்றுதானே உத்தரவு? இதோ ஓட்டை. அதோ குழாய். ஓட்டையை நீக்கிவிட்டுப் பார்த்தால் பூபதி உடம்பில் ஒரு கீறல் உண்டா?"

மன்னர் துண்டைக் கையில் எடுத்து, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் சபையைப் பார்த்தார். "ஓட்டைதான்" என்று ஒப்புக்கொண்டார்.

தளவாய் விடுவாரா? "அது போகட்டும் அரசே. ஓட்டை போட்ட பச்சைமுத்துவை விடக் கூடாது!"

பச்சைமுத்து மறுபடியும் காலில் விழப்போனான். காளத்தியோ பலமாகத் தலையாட்டினார்.

"தளவாய் சொல்வது சரி மகாராஜா. மண்வெட்டியேதான். அதுவும் மொண்ணை மண்வெட்டி. இது வீரன் கை பட்ட வெட்டே இல்லை. எவனோ ஒரு நோஞ்சான், பயந்து பயந்து, நாலைந்து தடவை கொத்தியிருக்கிறான்."

"நாலைந்து தடவையா?" என்றார் தளவாய்.

"ஆமாம். கை வேறு உதறியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கொத்தியிருப்பான் போல, கோழைப் பயல்!"

"யாரைப் பார்த்துக் கோழை என்கிறாய்?" தளவாய் துள்ளி எழுந்தார். "ஒரே வீச்சு! புல்லுக்குள் பச்சைப் பாம்பு என்று பாய்ந்து ஒரே வீச்சு! அதுவும் இடக்கையால்! இந்த நாட்டில் வேறு எவனால்..."

அத்தோடு நின்றார். பூபதி மட்டும் சளசளவென்று ஊற்றிக்கொண்டிருந்தது.

முதலில் மன்னரின் தொந்தி குலுங்கியது. பிறகு கிரீடம் குலுங்கியது. "என் படைத்தலைவர் போர் செய்தது என் குழாயோடா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். பச்சைமுத்துவின் தலை தப்பியது. அவன் அதை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டான். மன்னர் தம் முத்துமாலையைக் கழற்றிக் காளத்தியின் கழுத்தில் போட்டார்.

"காளத்தி, இந்த ஓட்டையை என்ன செய்வது? பூபதியின் உடம்பில் இருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை."

"தளவாய்க்கே கொடுத்துவிடுங்கள் மகாராஜா. குழாய்க்குச் செய்த வைத்தியத்தையே அவர் பட்டத்துக்கும் செய்துவிடலாம். 'தள'வை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த ஓட்டையை மாட்டினால் போதும். வாய் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது."

மன்னர் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தார். பிறகு வெள்ளித் தட்டைத் தூக்கிப் பிடித்து, நந்தவனம் அதிரக் கூப்பிட்டார்:

"ஓட்டைவாய் வேங்கடராயரே, வாரும்! வந்து உமது பட்டத்தைப் பெற்றுக்கொள்ளும்!"