ஜெபராஜ் கம்ப்யூட்டராக இருந்த இரண்டு நாள்

கோயம்புத்தூரிலிருந்து சத்தி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கண்ணாடி போட்ட ஆறு மாடிக் கட்டடம் ஒன்று வரும். அதன் ஐந்தாவது மாடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அங்கே நான்கு பேர் வேலை பார்த்தார்கள். தங்களுக்கு மேல் அறிவாளி யாரும் இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள். அது உண்மைதான். ஆறாவது மாடி ரொம்ப நாளாகக் காலியாகக் கிடந்தது.

நால்வருக்கும் தலைவர் குழந்தைவேலு. எல்லோரும் அவரை அண்ணா என்பார்கள். அடுத்தது மெகருன்னிசா. யாரையும் லேசில் நம்பாதவள், அதனால் பாஸ்வேர்டு பொறுப்பை அவளிடம் கொடுத்திருந்தார்கள். மூன்றாவது ஜெபராஜ், நாகர்கோவில்காரன், அதிகம் பேசமாட்டான். நான்காவது பூவரசன். இதெல்லாம் நடந்தது அவனுக்குத்தான்.

பூவரசனுக்கு மறுநாள் உடுமலைப்பேட்டையில் நிச்சயதார்த்தம். பெண் பெயர் நித்திலா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். பெண் பார்த்தாகிவிட்டது, புடவை எடுத்தாகிவிட்டது, சமையலுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. லீவு மட்டும்தான் பாக்கி. அந்தக் கம்பெனியில் லீவைக் கம்ப்யூட்டரில்தான் கேட்க வேண்டும். வாயால் கேட்டால் செல்லாது. போன வருஷம் பூவரசனுக்கு அம்மை போட்டபோதுகூட, லீவு பதியவில்லை என்று உடம்பெல்லாம் வேப்பிலையோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்குக் காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு, அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பெயரை அடித்தான். திரை கறுத்துப்போனது. பக்கத்துத் திரையும் கறுத்தது. எதிர்த் திரையும் கறுத்தது. கம்பெனிக்கு எத்தனை ஊரில் கிளை உண்டோ அத்தனை ஊரிலும் சிஸ்டம் படுத்துவிட்டது.

சிஸ்டம் படுத்தால் அந்தப் புகாரை உடனே சிஸ்டத்தில் பதிய வேண்டும் என்பது விதி. கொஞ்ச நேரம் நான்கு பேரும் கறுத்த திரையில் பதிந்துகொண்டிருந்தார்கள். பிறகு குழந்தைவேலு பெங்களூரில் இருக்கும் மேலதிகாரி சுபத்ரா மேடத்துக்குப் போன் போட்டார். மேடம் ஏற்கெனவே ஏழெட்டுக் கிளைகளுக்குப் பதில் சொல்லிக் களைத்திருந்தார்.

"சிஸ்டம் வர்ற வரைக்கும் அது செய்யறதை எல்லாம் நீங்க கையால செய்யுங்க. ஒண்ணு விடக்கூடாது. கஸ்டமருக்கு வித்தியாசமே தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

குழந்தைவேலு அதை ஒருமுறை உரக்கச் சொல்லிக் காட்டினார். அப்படியானால் நம்மில் ஒருவர் கம்ப்யூட்டராக வேண்டும் என்றார். யார் என்பதில் சிக்கல் இருக்கவில்லை. ஜெபராஜுக்கு நினைவாற்றல் உண்டு, சீக்கிரம் சூடாகிவிடுவான், கேட்டால் ஒழியப் பேசமாட்டான். கம்ப்யூட்டர் குளிர்ந்த அறையில் இருக்க வேண்டும் என்பதால் அவனை ஏசிக்கு நேர் கீழே உட்காரவைத்தார்கள். அவனுக்குச் சளி பிடிக்காமல் இருக்க ஒரு சால்வையும் போர்த்தினார்கள். மெகருன்னிசா அறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டாள்.

முதல் ஆளாகப் பூவரசன் போய் நின்றான். மெகருன்னிசா பாஸ்வேர்டு கேட்டாள். அவன் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சத்தமா சொன்னா நாலு பேருக்குக் கேக்கும். திரையில என்ன தெரியும்?"

"எழுத்துக்கு ஒரு நட்சத்திரம் தெரியும்."

"அதைச் சொல்லு."

பூவரசனின் பாஸ்வேர்டில் எட்டு எழுத்து. அவன் எட்டு முறை நட்சத்திரம் என்றான். மெகருன்னிசா விரல்விட்டு எண்ணிச் சரி என்றாள். மூன்று தடவை தப்பாகச் சொன்னால் கதவு அரைமணி நேரம் முடங்கிவிடும், கம்ப்யூட்டரும் அப்படித்தான் செய்யும் என்று எச்சரித்தும் வைத்தாள்.

ஆனால் உடனே உள்ளே விடவில்லை. அவன் ரோபோ இல்லை என்று நிரூபிக்கச் சொன்னாள்.

"மெகர், உன் கல்யாணத்துக்கு வந்து ரெண்டு பந்தி சாப்பிட்டேனே."

"வந்தது ரோபோ இல்லைன்னு அன்னிக்கு யாரும் செக் பண்ணலை" என்றாள் அவள்.

நியாயமாகத்தான் பட்டது. அவனை ஜன்னலுக்குக் கூட்டிப்போய், கண்ணில் படும் சிக்னல் கம்பங்களை எல்லாம் தொட்டுக் காட்டச் சொன்னாள். கண்ணாடியில் விரல் வைத்து அவன் இரண்டைக் காட்டினான். மூன்றாவது கம்பம் ஒரு காதுகுத்து ஃபிளெக்ஸுக்குப் பின்னால் மறைந்திருந்தது. திரும்ப முதலிலிருந்து. இரண்டாம் தடவை அதையும் கண்டுபிடித்தான். தான் ரோபோ இல்லை என்று தெரிந்ததில் அவனுக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

உள்ளே ஜெபராஜிடம் நாளைக்கு லீவு வேண்டும், காரணம் நிச்சயதார்த்தம் என்றான். ஜெபராஜ் எழுந்து அறையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தான். யோசிக்கும்போது கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் சுற்றும், அதை விட முடியாது. பூவரசன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் சுற்றிவிட்டு ஜெபராஜ் உட்கார்ந்தான்.

"ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து முயலவும்."

"என்ன தப்புடா?"

"அது எனக்கு எப்படில தெரியும்? கம்ப்யூட்டர் என்னிக்கு அதைச் சொல்லிருக்கு?"

இதற்கு நடுவில் காங்கேயத்து அரிசி ஆலைக்காரர் ஒருவர் போனில் ஏதோ கணக்குக் கேட்டார். அவருக்காகவும் ஜெபராஜ் சுற்றினான், தவறு நேர்ந்துவிட்டது என்றான். சிஸ்டம் எப்போதும் போலத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஆலைக்காரர் போனை வைத்தார். வித்தியாசம் தெரியவில்லை என்பதில் குழந்தைவேலுவுக்குப் பெருமை.

மத்தியானத்துக்குள் பூவரசன் நான்கு முறை முயன்றான். நான்காவது முறை ஜெபராஜ் லீவைக் குறித்துக்கொண்டேன், பிரியாணி வந்ததும் அனுமதி பார்க்கலாம் என்றான். பிரியாணி வந்தது. சாப்பிட்டுவிட்டு ஜெபராஜ் கண்ணை மூடினான். கூப்பிட்டால் அசைவே இல்லை.

மூன்று பேரும் அவனைச் சுற்றி நின்று ஆலோசித்தார்கள். ஹேங் ஆகிவிட்டது என்றாள் மெகருன்னிசா. வெறும் தூக்கமாகவும் இருக்கலாம், மவுஸை அசைத்தால் எழுந்துகொள்ளும் என்றார் குழந்தைவேலு. அவன் கையைப் பிடித்து மேஜைமேல் இப்படியும் அப்படியும் தேய்த்துப் பார்த்தார்கள். குறட்டைதான் வந்தது. இனி அணைத்துத்தான் போட வேண்டும் என்று முடிவாயிற்று. பொத்தானை அழுத்திப் பிடித்தால் அணையும். ஜெபராஜிடம் பொத்தான் மாதிரி இருந்தது மூக்குதான்.

குழந்தைவேலு அழுத்திப் பிடித்தார். ஜெபராஜ் திணறி, தும்மி, எழுந்து உட்கார்ந்தான்.

"என் லீவு?" என்றான் பூவரசன்.

"எந்த லீவு?"

"குறிச்சுக்கிட்டேன்னியே."

"சேவ் பண்ணச் சொன்னியா?" என்று கேட்டான் ஜெபராஜ்.

பூவரசன் சொல்லவில்லை. தப்பு அவன்மேல்தான். சாயங்காலம் ஆகியும் சிஸ்டம் வரவில்லை. ஊரிலிருந்து அப்பா போன் பண்ணி, நாங்கள் நேரே உடுமலைக்குப் போய்விடுகிறோம், நீ காலையில் வந்துவிடு என்றார். லீவு இல்லாமல் ஆபீஸை விட்டு நகர முடியாது. நகராமல் நிச்சயம் நடக்காது. நித்திலாவின் முகம் நினைவுக்கு வந்தது.

குழந்தைவேலுவுக்கு இளகிய மனசு. அவனைத் தட்டிக்கொடுத்து, ஆபீஸ் என்றால் என்ன என்று கேட்டார். சிஸ்டம் எங்கே இருக்கிறதோ அதுதான் ஆபீஸ் என்றான் பூவரசன்.

"சிஸ்டம் எங்க இருக்குது?"

பூவரசன் திரும்பிப் பார்த்தான். ஜெபராஜ் சால்வைக்குள் மூக்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை ஆபீஸ் உடுமலைப்பேட்டைக்குப் புறப்பட்டது. டாக்ஸியில் ஜெபராஜை ஏசிக் காற்று படும்படி முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டு, வேகத்தடை வந்தால் மெதுவாகப் போகும்படி டிரைவரிடம் சொல்லிக்கொண்டே போனார்கள்.

பெண் வீட்டில் வாழைமரம் கட்டியிருந்தது. மெகருன்னிசா இறங்கியதும் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டாள். வந்த சொந்தக்காரர்களை எல்லாம் நிறுத்தி நட்சத்திரம் சொல்லவைத்தாள். அது மாப்பிள்ளை வீட்டு வழக்கம்போல என்று அவர்களும் பயபக்தியோடு எட்டு முறை சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். ஒரு பெரியப்பா ஏழோடு நிறுத்திவிட்டார். அவர் மூன்றாம் தடவைதான் தேறினார்.

கூடத்தில் தட்டு மாற்ற நேரம் வந்தது. வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், புடவை எல்லாம் வைத்த தட்டைப் பெண்ணின் அப்பா மாரப்பன் நீட்டினார். பூவரசன் இரண்டு கையையும் நீட்டினான். அப்போது குழந்தைவேலுவின் போன் அடித்தது. பெங்களூர் மேடம்.

"சிஸ்டம் வந்துடுச்சு. இந்த நிமிஷத்துலேர்ந்து யாரும் எதையும் கையால செய்யாதீங்க. எல்லாம் சிஸ்டத்துலதான். ஆபீஸ்லதானே இருக்கீங்க?"

"ஆபீஸ்லதாங்க மேடம் இருக்கோம்" என்றார் குழந்தைவேலு. போனை வைத்துவிட்டுச் சொன்னார், "பூவரசு, கையை எடு."

பூவரசன் கையை எடுத்துக்கொண்டான். குழந்தைவேலு நடுவில் வந்து நின்று விஷயத்தை விளக்கினார். மாரப்பன் தட்டை ஏந்தியபடி கவனமாகக் கேட்டார்.

"சிஸ்டத்துலதான் பண்ணோணும்னா அப்படித்தானுங்களே பண்ணோணும். எங்க ரேசன் கடையிலயே சிஸ்டம் இல்லாம அரிசி போட மாட்டேங்கறான். வேனுக்குச் சொல்லுங்கப்பா" என்றார்.

பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, சமையல்காரர், எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மாரப்பன் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்காததால் தட்டை அவரே கையால் தூக்கிக்கொண்டார்.

ஐந்தாவது மாடியில் திரைகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. சொந்தக்காரர்கள் சுழல்நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். குழந்தைவேலு ஒரு கம்ப்யூட்டரில் தட்டு மாற்றுவதற்கு எங்கே அமுக்க வேண்டும் என்று தேடினார். பழைய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் பக்கம் ஒன்றுதான் கிட்டத்தட்டப் பொருந்தி வந்தது. தேங்காயிலிருந்து ஆரம்பித்தார். திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. அதைப் பார்த்ததும் ஜெபராஜும் எழுந்து கூடவே சுற்றினான்.

பூவரசன் ஓரமாகப் போய்த் தன் கம்ப்யூட்டரில் லீவு கேட்டான். இன்றைய தேதி, காரணம் நிச்சயதார்த்தம். சேவ் பண்ணினான். பெங்களூரில் மேடம் பார்த்த உடனே, இதைக்கூடவா இவ்வளவு நேரம் கழித்துக் கேட்பது என்று சலித்துக்கொண்டு அனுமதித்துவிட்டார். திரையில் பச்சை டிக் விழுந்தது.

பூவரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துக் கைதட்டினார்கள்.

"லீவு கிடைச்ச ஆளு ஆபீஸ்ல இருக்கக்கூடாது" என்றார் குழந்தைவேலு. "கிளம்பு. நிச்சயத்துக்கு ஏற்கெனவே லேட்டு."

"ஆமாங்க மாப்ள, நல்ல நேரம் முடியறதுக்குள்ள போய்ச் சேருங்க. நாங்க இங்க பாத்துக்கறோம்" என்றார் மாரப்பன், மடியில் தட்டை வைத்துக்கொண்டு. நித்திலா எழுந்து வந்து, வெயிலாக இருக்கிறது என்று ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தாள்.

பூவரசன் காந்திபுரம் போய், உக்கடம் போய், கிடைத்த பஸ்ஸில் நின்றுகொண்டே உடுமலைப்பேட்டை வந்து சேர்ந்தான். வாழைமரம் அப்படியே இருந்தது. கதவில் பெரிய பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தான், ஒருவரும் இல்லை. லீவு கிடைத்து வந்த நாளில் பெண் வீட்டார் இப்படிச் செய்வார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

சட்டையைச் சரிசெய்துகொண்டு பூட்டின் முன்னால் நின்றான். எட்டு முறை நட்சத்திரம் என்றான். திறக்கவில்லை. நிதானமாக இன்னொரு தடவை சொன்னான். அப்போதும் திறக்கவில்லை.

மூன்றாம் தடவை சொல்ல அவன் என்ன முட்டாளா? பூட்டு அரைமணி நேரம் முடங்கிவிடும்.