சிலந்தி அளந்த இருட்டு

அந்தக் காலத்தில், நண்டும் நரியும் வாய் ஓயாமல் வம்பளந்த காலத்தில், வானம் கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. நட்சத்திரங்கள் ராட்டினம் போலச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே இருந்த இருட்டில் நீலாயி என்ற சிலந்தி குடித்தனம் நடத்தினாள். அவளுடைய முந்நூறு முட்டைகளும் அங்கேதான் ஒரு பையில் தொங்கின.

சேவலுக்கோ இருட்டைக் கண்டாலே ஆகாது. "இத்தனை இடத்தை அடைத்துக்கொண்டு என்ன பிரயோசனம்? பெருக்கித் தள்ளுங்கள்!" என்று ஊரையே கூட்டிவிட்டான்.

தீர்ப்புச் சொல்ல வந்தவர் யானையார். "எடை இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் போகட்டும்" என்று மரக்கிளையில் தராசு கட்டினார். ஒரு தட்டில் இருட்டை அள்ளி அள்ளிப் போட்டார்கள். மற்றதைக் காலியாக விட்டார்கள். தராசு இம்மியும் அசையவில்லை.

"பார்த்தீர்களா! வெறும் ஒன்றுமில்லை! எடுங்கள் விளக்குமாற்றை!" என்று சேவல் குதித்தான்.

நீலாயி தன் முட்டைப் பையைப் பார்த்தாள். ஐயோ, பிள்ளைகளோடு நான் எங்கே போவேன்? அப்போதுதான் அந்தக் காலித் தட்டு அவள் கண்ணில் பட்டது.

"ஐயா, அந்தத் தட்டுக்குள் இருப்பது என்ன?"

யானையார் குனிந்து பார்த்தார். உள்ளே இருட்டு! இருட்டுக்கு இருட்டையே எடை போட்டிருக்கிறார்கள், புத்திசாலிகள்.

"அது இல்லாத இடமே கிடையாதே தாயி, பிறகு எப்படித்தான் அளப்பது?" என்றார் யானையார்.

"ஒரு நூல் போதும், ஐயா."

சொல்லிவிட்டாளே தவிர, அவள் வயிற்றில் நூல் தீர்ந்துபோயிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு முட்டைப் பையை நூலாகப் பிரித்தாள். முந்நூறு முட்டைகளும் மூட ஏதுமில்லாமல் கிடந்தன. இது தப்பினால் எல்லாம் போச்சு.

அந்த நூலை வானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விறைப்பாகக் கட்டினாள். யாரும் அதில் ஏறவில்லை. ஆனாலும் நூல் நடுவில் இறங்கியது, இறங்கியது, ஐந்து சாண் இறங்கி நின்றது!

"இப்போது எல்லோரும் ஏறுங்கள்" என்றாள் நீலாயி. யானையார் ஏறினார், நட்சத்திரங்கள் ஏறின, சேவலும் முணுமுணுத்தபடி ஏறினான். நூல் மேலும் கொஞ்சம்தான் இறங்கியது; அதில் கால் வைத்து அளந்து பார்த்த நீலாயி வாய்விட்டுச் சிரித்தாள்.

"நாம் எல்லோரும் சேர்ந்தே ஒரு சாண்தான் ஐயா! இருட்டு மட்டும் ஐந்து சாண்!"

ஓரத்து நட்சத்திரங்கள் அலறின. "அம்மாடி! இத்தனை வேகமாய்ச் சுற்றும் எங்களைப் பிடித்து வைத்திருப்பதே இந்த இருட்டின் கனம்தானா? இதைப் பெருக்கியிருந்தால் ஆளுக்கொரு திசையில் சிதறியிருப்போமே!"

யானையார் தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறினார். சபையே ஆடித் தீர்த்தது. சேவல் வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, நூலைச் சுற்றி முட்டைப் பையைத் தன் அலகாலேயே கட்டிக் கொடுத்தான். முந்நூறில் ஒன்றுகூடக் கெடவில்லை.

அன்று முதல்தான் சிலந்தி, வலைக்கு நடுவே எட்டுக் காலையும் நூலில் ஊன்றி உட்கார்ந்திருக்கிறாள். வந்து விழுந்தது என்ன, எவ்வளவு கனம் என்று அவள் கண்ணால் பார்ப்பதே இல்லை.