செம்பாயி ஆமை மேல் விழுந்த கோடுகள்

ஒரு முயலுக்குப் பின்னங்கால் ஒடிந்தது. அன்று முதல் அந்தக் காட்டில் எல்லா விலங்குகளும் ஒன்றையொன்று சந்தேகப்பட ஆரம்பித்தன.

கோடைக்காலம். குட்டைகளெல்லாம் வற்றிவிட்டன. மலையடியில் இருந்த ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. அங்கே சுலபமாகப் போக ஒரே ஒரு பாதைதான்; மறுபக்கம் வெறும் பாறைச் சரிவு. பாதி வழியில் அது ஒரு பெரிய பாறையைச் சுற்றி வளைந்து போகும். எதிரில் வருவது யார் என்று கிட்டே போனால்தான் தெரியும். அந்த வளைவில்தான் தினமும் மோதல்! ஒரு நாள் உடும்பின் வால் மிதிபட்டது. மறுநாள் காட்டுக்கோழியின் இறகெல்லாம் பிய்ந்தது. அதற்கடுத்த நாள்தான் முயலின் கால் போனது.

காட்டுக்குத் தலைவர் யானை. அது எல்லாரையும் மருத மரத்தடிக்கு அழைத்தது.

"யாரால இத்தனை மோதல்? ஒளிக்காமச் சொல்லுங்க!"

கேட்டதுதான் தாமதம், எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தன.

"பன்றிக் கூட்டம்தான் தலைவரே! தலையைக் குனிஞ்சுக்கிட்டே வந்தா எதிர்ல யார் வர்றாங்கன்னு எப்படித் தெரியும்?" என்றது தாய் மான்.

"ஏன், மான் கூட்டம் மட்டும் நடந்தா வருது? கால் தரையில பட்டாத்தானே!" என்று உறுமியது பன்றி.

"குரங்குங்க பாதை நடுவுல உட்கார்ந்து பேன் பார்க்குதுங்க!" என்றது கரடி.

"கரடியண்ணே, நீங்க இலுப்பைப் பூவைத் தின்னுட்டு ஆடிக்கிட்டே வர்றதை நாங்க பார்க்கலைன்னு நினைச்சீங்களா?" என்றது குரங்கு.

யானையைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. அது வந்தால் பாதை முழுவதும் அடைபட்டுப் போகும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தலைவரைப் போய் யார் சொல்வது?

அப்போது கீரி பின்னங்காலில் எழுந்து நின்றது.

"இப்படி ஆளாளுக்குக் கைகாட்டிக்கிட்டிருந்தா முடிவே வராது தலைவரே. பதினஞ்சு நாள் என்கிட்ட விடுங்க. எந்தக் கூட்டத்தால மோதல் அதிகம்னு எண்ணி, அந்த வளைவுப் பாறையிலேயே கோடு போட்டுக் காட்டறேன்!"

"சரி, செய்" என்றது யானை.

கீரி நேர்மையானதுதான். யாரிடமும் கைநீட்டி ஒரு முட்டைகூட வாங்காது. அதன் முறையில்தான் கோளாறு. பாறையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு புற்றில் அது குடியிருந்தது. 'தடால்' என்று சத்தம் கேட்டதும் கிடைத்த இரையைப் போட்டுவிட்டு ஓடிவரும். வந்து பார்க்கும்போது அந்த இடத்தில் யார் இருக்கிறாரோ, அவர் கூட்டத்தின் பேரில் செம்மண்ணால் ஒரு கோடு!

"மோதின இடத்துல இருக்கிறவன்தானே மோதினவன்?" என்று அது எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அது காட்டில் எல்லார் மேலும் சந்தேகப்பட்டது. தன் முறையின் மேல் மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

அந்தப் பாதையில் செம்பாயி என்ற ஆமையும் தண்ணீருக்குப் போய்வரும். போக அரை நாள், வர அரை நாள். முதல் நாளே வளைவில் அதற்கு வினை காத்திருந்தது. 'தடதட' என்று காலடிச் சத்தம் கேட்டது. செம்பாயி தலையையும் நான்கு கால்களையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. அடுத்த கணம் ஒரு இடி! செம்பாயி உருண்டு, மல்லாந்து விழுந்தது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தபோது புழுதிதான் பறந்துகொண்டிருந்தது. மோதியது போய்விட்டது.

கீரி மூச்சு வாங்க ஓடி வந்தது.

"ஓகோ, நீதானா?"

"ஐயையோ, நான் இல்லைங்க! என்னைத்தான் மோதிட்டாங்க. கொஞ்சம் புரட்டி விடுங்களேன்!"

"புரட்டறேன், புரட்டறேன். மோதினது யாரு? அதைச் சொல்லு முதல்ல."

"தெரியலைங்க. சத்தம் கேட்டதும் தலையை உள்ள இழுத்துக்கிட்டேன்."

"எதையுமே பார்க்கலைங்கிறே. நீ மோதலைங்கிறது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கண்ணைச் சுருக்கியது கீரி.

அது முதலில் கோட்டைப் போட்டது. அப்புறம்தான் செம்பாயியைப் புரட்டிவிட்டது.

பதினைந்து நாள் முடிந்தது. காடே பாறையின் முன்னால் கூடியது. ஆமைகளின் பேரில் ஒன்பது கோடுகள்! அதில் ஐந்து செம்பாயிக்கு, மீதி அதன் சொந்தபந்தங்களுக்கு. முள்ளம்பன்றிக்கு இரண்டு. கரடிக்கு ஒன்று, அதுவும் மோதிய இடத்திலேயே படுத்துத் தூங்கிவிட்டதால். மானுக்கு இல்லை. பன்றிக்கு இல்லை. குரங்குக்கும் இல்லை.

கொஞ்ச நேரம் யாருக்கும் நம்ப முடியவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நம்பிக்கை வந்துவிட்டது. தன் பேரில் கோடு இல்லாதபோது கணக்கை நம்புவது சுலபம்தானே!

"நான் அப்பவே நினைச்சேன்! மூஞ்சியை ஓட்டுக்குள்ள ஒளிச்சுக்கிட்டுப் போறவங்களை எப்படி நம்புறது?" என்றது தாய் மான்.

"மெதுவாப் போறாப்புல போயி, வேணும்னே குறுக்க வருதுங்க!" என்றது பன்றி.

செம்பாயி முன்னால் வந்தது.

"நான் போற வேகத்துல மோதினா ஒரு சருகுகூட நகராதுங்க. எங்களைப் பன்றிங்கதான் மோதித் தள்ளுதுங்க. எனக்கு நல்லாத் தெரியும்!"

"பார்த்தியா?" என்று கேட்டது யானை.

"பார்க்கலைங்க. ஆனா அந்தக் காலடிச் சத்தம்..."

"அபாண்டம்!" என்று கத்தியது பன்றி.

பாவம், செம்பாயியின் கையிலும் இருந்தது வெறும் சந்தேகம்தான். அதை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

"அத்தனை தடவையும் கீரியண்ணன் வர்ற வரைக்கும் நீங்க அங்கேயே ஏன் இருந்தீங்க?" என்று குரங்கு மடக்கியது.

"மல்லாந்து கிடந்தா எப்படிப்பா எழுந்து போறது?"

எல்லாரும் சிரித்தார்கள். தாய் மான் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

யானை தும்பிக்கையைத் தூக்கியது. "நாளையிலிருந்து ஆமைங்க யாரும் பாதையில கால் வைக்கக்கூடாது!"

"அதோட விடாதீங்க தலைவரே! இனிமே எந்தக் கூட்டத்துப் பேர்ல ஒரு கோடு விழுந்தாலும் அவங்களுக்கும் பாதை கிடையாது!" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டது தாய் மான். பேச்சு வேறு பக்கம் போனால் போதும் என்று இருந்தது அதற்கு.

"நல்ல யோசனை. அப்படியே ஆகட்டும்" என்றது யானை.

"அப்ப நாங்க தண்ணிக்கு எங்க போறது?" என்று கேட்டது செம்பாயி.

"பாறைச் சரிவு வழியாப் போங்க."

அந்தச் சரிவில் ஒரு புல்கூடக் கிடையாது. உச்சி வெயிலில் அது தோசைக்கல்லாகக் காயும். ஆமை நடையில் அதைத் தாண்ட இரண்டு பகல் ஆகும்.

"அங்க போகச் சொல்றதும் எங்களைச் சாகச் சொல்றதும் ஒண்ணுதான் தலைவரே" என்றது செம்பாயி.

யானைக்கு மனசு என்னவோ செய்தது. ஆனாலும், "கணக்கு அப்படித்தான் சொல்லுது. நான் என்ன பண்ண?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. எனக்கு அந்த யானை மேல் இன்றைக்கும் கோபம் உண்டு.

மறுநாள் காலை ஏழு ஆமைகள் சரிவில் ஏறத் தொடங்கின. அவற்றில் செம்பாயியும் அதன் தங்கையும் உண்டு.

அதற்கடுத்த நாள் மதியம் வளைவில் மறுபடியும் 'தடால்!'

கீரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமைங்கதான் இல்லையே! ஒருவேளை திருட்டுத்தனமா ஒண்ணு வந்துடுச்சோ?" என்று சந்தேகப்பட்டுக்கொண்டே ஓடியது. அங்கே ஆமை இல்லை. ஒரு மான்குட்டி முன்னங்கால் மடங்கி, கதறிக்கொண்டு கிடந்தது. வேறு யாரையும் காணோம். புழுதி மட்டும் அடங்கிக்கொண்டிருந்தது.

கீரி ஒரு கணம் தயங்கியது. பிறகு முறை முறைதான் என்று மான் கூட்டத்தின் பேரில் ஒரு கோடு போட்டது.

தாய் மான் அலறிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"ஐயோ, என் குட்டி! என்ன கோடு இது?"

"மோதின இடத்துல இருந்தது உங்க குட்டிதான் அக்கா. இனி உங்க கூட்டத்துக்குப் பாதை இல்லை."

"உனக்குக் கண் இல்லையா? கால் ஒடிஞ்சு கிடக்குது! மோதினவன் ஓடிட்டான். இது எப்படி எழுந்து ஓடும்?"

"ஆமையும் இதையேதான் சொல்லுச்சு. நீங்க யாரும் நம்பலையே."

"அது சொன்னது நிஜம்!"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தாய் மான் குட்டியைப் பார்த்தது. குட்டி வலியில் முனகியது. தண்ணீர் இல்லாமல் இந்தக் குட்டி எத்தனை நாள் தாங்கும்?

"எனக்குத் தெரியும்! நாலு தடவை அதை மோதிப் புரட்டினது நான்தான்! நின்னா வம்புன்னு ஓடிட்டேன்!" என்று வெடித்தது மான்.

கீரியின் கையிலிருந்து செம்மண் கட்டி கீழே விழுந்தது.

சத்தம் கேட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள். யானையும் வந்தது. நடந்ததைக் கேட்டது.

"ஆமையை மோதிட்டு நிக்காமப் போனவங்க எல்லாம் பாறைக்கு இந்தப் பக்கம் வாங்க" என்றது.

ஒன்றும் அசையவில்லை. ஒவ்வொன்றும் பக்கத்தில் இருப்பதை ஓரக்கண்ணால் பார்த்தது. மான் மட்டும் தலை குனிந்தபடி வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்துப் பன்றி நகர்ந்தது.

"நான் ரெண்டு தடவை. அப்புறம்... இந்தக் குட்டியை மோதினதும் நான்தான்."

குரங்கு வந்தது. கரடி வந்தது. அதன் பிறகு யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. யானையே காலை எடுத்து வைத்து அந்தப் பக்கம் போய் நின்றது.

"ஒரு நாள் என் கால்ல பட்டு ஏதோ உருண்டுச்சு. கல்லுன்னு நினைச்சேன். கல்லா இருந்தாத் தேவலைன்னு திரும்பிப் பார்க்காமலே போயிட்டேன்" என்றது.

எதிர்ப் பக்கம் மிஞ்சியது நொண்டி முயலும் இன்னும் இரண்டு மூன்றும்தான். கீரியும் அங்கேதான் நின்றது. ஆனால் அதனால் தலை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

யானை மடுவுக்கு ஓடித் தும்பிக்கை நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு சரிவில் ஏறியது. மற்றவை பின்னால் ஓடின. ஏழு ஆமைகளும் பாதிச் சரிவில் அங்கங்கே கிடந்தன. யானை ஒவ்வொன்றின் மேலும் தண்ணீரை ஊற்றியது. ஒன்று காலை அசைத்தது. பிறகு இன்னொன்று. செம்பாயியும் மெல்லக் கண் திறந்தது.

"செம்பாயி, பாவி நான்தான் உன்னை மோதினேன். நான்தான் உன் பாதையையும் பறிச்சேன்" என்று அழுதது மான்.

செம்பாயி யானையின் பக்கம் திரும்பியது. "என் தங்கச்சிக்கு ஊத்துனீங்களா?" என்று மட்டும் கேட்டது.

யானை தங்கை ஆமையின் மேல் இன்னொரு முறை ஊற்றியது. மறுபடியும் ஊற்றியது. தும்பிக்கை காலியாகும்வரை ஊற்றியது. தங்கை ஆமை அசையவே இல்லை.

அன்று மாலையே யானை புது விதி போட்டது. யாரை யார் மோதினாலும், விழுந்தவர் எழுந்து நடக்கும்வரை மோதியவர் அங்கேயே நிற்க வேண்டும். அதற்குப் பிறகும் வளைவில் மோதல் நடக்கத்தான் செய்தது. ஆனால் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆறு ஆமைகளும் பாதையிலேயே தண்ணீருக்குப் போய்வந்தன. செம்பாயி மட்டும் மானோடு ஒரு நாளும் பேசவில்லை.

ஓட முடியாமல் கிடப்பவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் ஊரில், மோதியவர் மறுநாளும் அதே பாதையில் அதே வேகத்தில் வருவார்.