ட்ரோனுக்குக் கல்லெறிந்த ஊர்

"அம்மா, என் ட்ரோனுக்குக் கல்லெறியுறாங்க!"

மடத்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார் தாணுமூர்த்தி. மனுஷனுக்கு அப்படி ஒரு கோபம்.

பூரணத்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட வயதில் இளையவள்தான். ஆனாலும் அவருக்கு அவள்தான் குரு.

"எறிஞ்சது யாரு?"

"பக்கத்து வீட்டு கிளாடிஸ். நான் என்ன தப்புப் பண்ணினேன்? சட்டம் சொன்ன உயரத்தைத் தாண்டலை. பறக்கக்கூடாத இடத்துக்குப் போகலை. பகவதி இடுப்பு ஒடிஞ்சு கட்டில்ல கிடக்கா. பெண்டாட்டிக்கு ஊரைக் காட்டத்தானே வாங்கினேன்? இப்போ ஊர்க்கூட்டம் போட்டு நிறுத்தப் போறாங்களாம். அதுவும் இல்லைன்னா அவ சுவரைப் பார்த்தே செத்துருவா."



"தாகமா இருக்கு" என்றாள் அம்மாள். "ஒரு இளநி பறிச்சுப் போடும்."

நல்ல நேரம் பார்த்தாள் போங்கள்! ஆனாலும் குரு சொல்லைத் தட்டக்கூடாதே. தாணுமூர்த்தி தன் தோப்பில் தானே மரம் ஏறுகிறவர். வேட்டியை மடித்துக் கட்டினார். மடத்துத் தென்னையடியில் நின்று, எப்போதும்போலக் குரல் கொடுத்தார்.

"மரம் ஏறப்போறேன்... பொம்பளைங்க பாத்துக்கிடுங்க!"

மதிலுக்கு அப்பால் ஒரு குரல் பதறியது. "ஐயோ, நில்லுங்க! குளிச்சுக்கிட்டிருக்கேன்!"

நின்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப ஏறுங்க" என்றது அதே குரல்.

மரத்தில் வைத்த காலை எடுத்துவிட்டார். அண்ணாந்து மரத்தைப் பார்த்தார். மதிலைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"இளநி எங்கே?"

"மன்னிச்சிடுங்கம்மா. வேறொரு இடத்துல குரல் கொடுக்காம விட்டுட்டேன்."

மறுநாள் காலை தெருவில் இறங்கி வீடு வீடாகக் கூவினார்.

"பகவதிக்கு ஊரைக் காட்ட ட்ரோன் விடப்போறேன். வேண்டாம்னா சொல்லுங்க!"

கிளாடிஸ் கொல்லையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பகவதிக்கா? இதை முதல்லயே சொல்ல என்னவாம், வாயில கொழுக்கட்டையா? பொறும், துணி காயப்போட்டுட்டு வாறேன்."

ட்ரோன் எழும்பியது. இதுவரை அதன் சத்தம் கேட்டாலே ஊர் ஓடி ஒளியும். பகவதி பார்த்ததெல்லாம் கூரையும் தென்னையும்தான். இன்று போன் திரையில் முற்றத்துக்கு முற்றம் ஆட்கள். கையசைத்தார்கள். கிளாடிஸ் வானத்தைப் பார்த்து என்னவோ கத்திவிட்டுத் தெருப்பக்கம் ஓடினாள்.

தாணுமூர்த்தி நன்றியோடு மடம் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"இன்னும் கொஞ்சம் தள்ளிக் காட்டவா? குளம் நிறைஞ்சு கிடக்கு."

வாசலில் யாரோ தட்டினார்கள்; கிளாடிஸின் குரல் கேட்டது.

"குளம் எங்கேயும் போயிடாது" என்றாள் பகவதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கதவைத் திறங்க."